சிப்காட்டுத் தம்பி தங்கைகளுக்கு: ஒரு தடவை மலைக்கு மிதியுங்கள்

ஓசூரிலும் பேகேப்பள்ளியிலும் ஜூஜுவாடியிலும் ரூம் எடுத்திருக்கிற, சூளகிரியிலும் பர்கூரிலும் கம்பெனி விடுதியில் தங்கியிருக்கிற, ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிற தம்பி, தங்கைகளே,

உங்கள் ரூம் குழாயில் வருகிற தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? மெஸ் சாம்பாரில் கிடக்கிற தக்காளி எந்தச் சந்தையில் ஏலம் போனது? தெற்கே நீலமாகத் தெரிகிற மலைவரிசைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இது எதுவும் தெரியாமலேயே இந்த ஊரில் பத்து வருடம் வேலை பார்த்து, கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு போய்விட முடியும். பலர் அப்படித்தான் போகிறார்கள். இந்தக் கேள்விகளுக்கான பதிலை இரண்டே நாளில், ஒரு சைக்கிளில், ஒரு சிநேகிதரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் யார் என்று கேட்பீர்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்து, அப்ரெண்டிசாக ஓசூருக்கு பஸ் ஏறி வந்தவன். டூல் ரூமிலேயே தலை நரைத்துவிட்டது. என்னோடு சைக்கிள் மிதிக்க வருகிறவரும் டூல் ரூம்காரர்தான்; ஆனேக்கல் பக்கம் சொந்த ஊர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். என்னை 'குரு' என்பார். காவிரித் தகராறு வந்து ஜூஜுவாடியில் வண்டிகள் நின்றுபோகும் நாட்களில் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொள்வோம். தகராறு ஓய்ந்ததும் மறுபடி ஒரே பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

நம் ஊர் வண்டி செய்கிற ஊர். டி.வி.எஸ். 50 மொபெட் 1980ல் இங்கிருந்துதான் கிளம்பியது. அசோக் லேலண்ட் ஆலை வந்ததும் அந்த ஆண்டில்தான். மின் ஸ்கூட்டர் செய்கிற கம்பெனிகளில் 2021ல் ஏத்தர் ஓசூருக்கு வந்தது, ஓலா போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தது. பர்கூரை ஒட்டிய மயிலாடும்பாறையில் தோண்டியபோது கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 4,200 வருடத்துக்கு முன்பே இரும்பைக் கையாண்ட மண்ணில்தான் நீங்கள் நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை வண்டி செய்கிறோம். ஆனால் நாம் போய்வருகிற தூரம் ரூமிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான்.

பைக்கில் போனால் ஆகாதா என்று கேட்கலாம். போகலாம், ஆனால் ஊர் கண்ணில் படாது. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டரில் போகும்போதுதான் வயலில் நிற்பவர் நிமிர்ந்து பார்க்கிறார், 'எந்த ஊரு?' என்று கேட்கிறார், பதில் சொல்ல உங்களுக்கும் நேரம் இருக்கிறது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, கூடவே நடந்து வந்து பேசுவார்கள்.

நாங்கள் போகும் வழியைச் சொல்கிறேன். ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல்: இது முதல் நாள். ஒகேனக்கல், பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி, ஓசூர்: இது இரண்டாம் நாள். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையின் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அதிகாலையில் கிளம்பினால் மத்திகிரிப் பண்ணை தாண்டும்போது பனி இன்னும் விலகியிருக்காது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரை நம்பித்தான் ரோஜாப் பசுமைக் குடில்களும் கொத்தமல்லி, முட்டைக்கோஸ் தோட்டங்களும். தளி வட்டாரத்தை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததும் அந்தக் குளிருக்காகத்தான். தேன்கனிக்கோட்டையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். களி கிடைத்தால் களியையே சாப்பிடுங்கள். கொள்ளுச் சாறு ஊற்றி ஒரு உருண்டை உள்ளே போனால் மத்தியானம் வரை கால் கேட்கும். இட்லி பத்து கிலோமீட்டர்தான் தாங்கும்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் ராகிக் காடுகள். வரப்போரம் மரத்துக்கு மரம் பரண் கட்டியிருப்பார்கள். கவட்டையில் நாலு கழி, மேலே தென்னங்கீற்று, ஒரு பழைய பிளாஸ்டிக் பேனர். ஜூனில் போனால் பரண் காலியாக இருக்கும், அப்போதுதான் உழவு நடக்கும். கதிர் முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கிவிடும். அந்த நாட்களில் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் டார்ச்சும் பட்டாசுமாக, விடியும்வரை பரணில் உட்கார்ந்திருக்கிற விவசாயியும் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்தான். அவருக்கு நைட் அலவன்ஸ் கிடையாது, காலை ஆறு மணிக்கு மாற்றிவிட ஆளும் கிடையாது. ஒரு பரண் அடியில் நாங்கள் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு பெரியவர் ஏணியைக் காட்டி, 'ஏறிப் பாருங்க சாமி' என்றார். ஏறினோம். மேலே இரண்டு பேர் முழங்கால் மடக்கி உட்காரத்தான் இடம். என் சிநேகிதர் கீழே பார்த்துவிட்டு, 'என்ன குரு, நம்ம கேன்டீன் டேபிளே இதைவிடப் பெரிசு' என்றார்.

அதற்கு அப்புறம் காடு, காட்டோடு இறக்கம். இங்கே ஒரு டூல் ரூம் ஆளாகக் கொஞ்சம் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது பிரேக்கைப் பிடித்த பிடியாகப் பிடிக்காதீர்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசி உரசி ரிம் கொதிக்கும். கொதித்தால் கட்டை வழுக்கும், சில சமயம் ட்யூபே வெடிக்கும். முன் பிரேக், பின் பிரேக் என்று மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய்ப் பிடிக்காதீர்கள். பாதி வழியில் நின்று ரிம்மை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஒரு பீடி நேரம் உட்காருங்கள். கம்பி பிரேக் போட்ட பழைய சைக்கிள் இந்த மலைக்கு ஆகாது. கியர் சைக்கிள்தான் வேண்டும் என்றும் இல்லை. கட்டை புதிதாக, கேபிள் இறுக்கமாக, செயினில் எண்ணெயோடு இருந்தால் போதும். ஒரு ஸ்பேர் ட்யூப், பஞ்சர் சொலூஷன், ஒட்டு, கைப்பம்ப், இரண்டு ஸ்பேனர். அஞ்செட்டிக்கு அப்புறம் சைக்கிள் கடை கண்ணில் படாது.

அஞ்செட்டியில் தொட்டல்லா ஆறு. மழை இல்லாத நாளில் வெறும் மணலும் பாறையுமாகத்தான் கிடக்கும். அதற்கு மேல் நாட்றாம்பாளையம், மறுபடி காடு. இந்தக் காடுகள் இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள். முதலாவது 2014ல் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது 2022 நவம்பரில், 686 சதுர கிலோமீட்டர் பரப்பில். அடிக்கடி செய்தியில் கேட்கிற பிலிகுண்டுலு இந்தக் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. கர்நாடகம் விட்ட தண்ணீர் எவ்வளவு என்று அளக்கிற இடம். 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கு அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. இரண்டு மாநிலமும் சண்டை போடுகிற அந்த எண், ஒரு காட்டு ஆற்றின் கரையில் இருக்கிற ஒரு சின்ன அளவு நிலையத்தில் எழுதப்படுகிறது.

சாயங்காலம் ஒகேனக்கல். ஓசூரிலிருந்து 600 மீட்டர் கீழே வந்திருப்பீர்கள். காற்றே வேறு, புழுக்கமாக இருக்கும். எதிர்க்கரை கர்நாடகம். மீன் வறுக்கிற அம்மா என்னிடம் தமிழிலும் என் சிநேகிதரிடம் கன்னடத்திலும் ஒரே விலைதான் சொன்னார். இரண்டு மொழியிலும் பேரம் பேசிப் பார்த்தோம், அஞ்சு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

குழாய்த் தண்ணீர்க் கதைக்கு இங்கே வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கடியில் கிடக்கிற தண்ணீரில் இயற்கையாகவே ஃப்ளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப் போக அதிகமாகும். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவிக் கறை படியும், வயதாக ஆக முட்டி, முதுகெலும்பு விறைக்கும். பென்னாகரம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, உங்கள் வயதுக்காரர் சிரிப்பதையும் அவருடைய தாத்தா சிரிப்பதையும் பாருங்கள், சொல்லவே வேண்டாம். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2013 மே மாதம் தொடக்கம். காவிரியில் எடுக்கிற தண்ணீரை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மலைமேல் மடம் கிராமத்துத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புகிறார்கள். ஓசூருக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது.

மறுநாள் காலையில் ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரத்துக்கு ஏறும்போது இதை உங்கள் தொடையே உங்களுக்குச் சொல்லும். கொண்டை ஊசி வளைவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு பாட்டில் தண்ணீரோடு உங்கள் ஒரு உடம்பை ஏற்ற இந்தப் பாடு. நீங்கள் பல் தேய்க்கும்போது திறந்துவிட்டு மறந்துபோகிற குழாய்த் தண்ணீரும் இந்த மலையை ஏறித்தான் வந்திருக்கிறது. ஒரு தடவை இந்த ஏற்றத்தை மிதித்தவர் யாரும் அதற்கப்புறம் ரூமில் தொட்டி வழிய விடமாட்டார். எங்கள் ரூம்களில் ஒட்டியிருந்த 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' நோட்டீஸ் எதுவும் இந்த வேலையைச் செய்ததில்லை.

சிநேகிதரோடு போகிறவர்களுக்கு இரண்டே விதிதான். ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும், வேகமானவர் பின்னால் வரட்டும். எதிர்க்காற்றில் தெம்புள்ளவர் முன்னால் போகட்டும். அவர் முதுகு காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு மிதி லேசாகும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் பாதி வழியில் பேச்சு நின்றுவிடும். 1923ல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றிவரச் சைக்கிளில் கிளம்பியவர்கள் ஆறு பேர். 1928ல் முழுச் சுற்றையும் முடித்துத் திரும்பியவர்கள் மூன்று பேர்தான். ஓசூரைச் சுற்ற நமக்கு இரண்டு பேர் போதும், இரண்டு பேரும் திரும்பி வர வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். சிறையில் தொழுநோய் வாங்கி வந்தவரை, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளையர் அரசு தடுத்தது. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனவர். 1925 ஜூலை 23ஆம் தேதி இந்த ஊரில்தான் இறந்தார். தொடை வலிக்கிறது என்று முனகிக்கொண்டு வந்த நாங்கள், அந்த வாசலில் முனகுவதை விட்டுவிட்டோம்.

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டைவரை சேலம்–பெங்களூரு ரயில் பாதை கூடவே வரும். மாரண்டஅள்ளி தாண்டி ராயக்கோட்டைக்கு ஏறும்போது ரயிலே மூச்சு வாங்கித்தான் போகும். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடிக்கும். அந்த ஏற்றத்தில் தக்காளிக் கிரேடுகளை முன்னும் பின்னும் அடுக்கிக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். நம் ஊரில் செய்த வண்டி. அசெம்பிளி லைனில் அதைப் பார்க்கும்போது ஒரு மாடல் நம்பர். இங்கே பார்த்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் முழுக்க அதன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவர் போவது ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு. விலை விழுந்த நாளில் அதே தக்காளி ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். 1791ல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து பிடித்த மலைக்கோட்டை அந்த மண்டிக்கு மேலே நிற்கிறது.

கடைசிப் பகுதிதான் உங்களுக்கு மிகவும் தேவை. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வருகிற வழியில் உத்தனப்பள்ளி. அங்கேயும் அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளிலும் புதிய சிப்காட்டுக்கு விளைநிலத்தை எடுக்காதே என்று விவசாயிகள் 2023ல் மாதக்கணக்கில் போராடினார்கள். பஸ் ஜன்னலில் பார்த்தால் அது வெறும் வெட்டவெளி. மிதித்துக்கொண்டு போனால் அதில் கிணறு தெரியும், மாந்தோப்பு தெரியும், தாத்தா பாட்டி சமாதிக்கு முன்னால் வைத்த பூ தெரியும். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனால் நமக்கு வேலை கொடுக்கிற கம்பெனி எதுவும் காலி இடத்தில் எழும்பவில்லை. யாரோ ஒருவர் ராகி விதைத்த இடத்தில் எழும்பியிருக்கிறது. ஓசூரை நெருங்கும்போது கெலவரப்பள்ளி அணைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு வருகிற தென்பெண்ணை, மழைக்காலத்தில் அங்கே வெள்ளை நுரையாகப் பொங்கும். அந்தத் தண்ணீரைத்தான் பாசனத்துக்கு விடுகிறார்கள். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் மட்டும்தான் கம்பெனியில், சங்கத்தில், வார்டு கூட்டத்தில் கழிவுநீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் வாய் திறப்பார். பார்க்காதவருக்கு அது வெளியூர் சமாச்சாரம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பலர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தபோது இலவச சைக்கிள் வாங்கியவர்கள். அந்தத் திட்டத்துக்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும், வழியில் நின்று கிண்டல் செய்தவர்களைத் தாண்டித்தான் மிதித்தார்கள். அவர்கள் கையில் சைக்கிள் வந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போனது, தகப்பனையோ அண்ணனையோ துணைக்குக் கூப்பிடுவது போனது. நீங்கள் விடுதி வார்டனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். நாலு பேராகச் சேருங்கள், பகலிலேயே போங்கள், ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியில் முன்கூட்டியே அறை பிடியுங்கள். முதல் தடவை தேன்கனிக்கோட்டை வரை போய்த் திரும்பினாலும் போதும்.

எல்லோருக்கும் பொதுவாகச் சில கண்டிப்பு. யானை நடமாட்டம் உள்ள மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை, அந்தப் பக்கம் போவதற்கு முன் ஊர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள். போகாதே என்றால் போகாதீர்கள். எந்த மாதமானாலும் இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். காட்டுக்குள் பாட்டு போடாதீர்கள், பாட்டிலைப் போடாதீர்கள். குரங்குக்குத் தீனி கொடுக்காதீர்கள். பரணைப் படம் எடுப்பதற்கு முன் பரண்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நல்ல காலம் ஜூன் மாதம். வெயில் தணிந்திருக்கும், ராகி உழவு நடக்கும், கிருஷ்ணகிரி மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். இரண்டு நாள் சேர்ந்து லீவு வருகிற வாரத்தை இப்போதே காலண்டரில் பார்த்து வையுங்கள். பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிடுங்கள். அவர் ஒடிசாக்காரராக இருந்தாலும் சரி, கோலார்க்காரராக இருந்தாலும் சரி. சைக்கிள் இல்லையென்றால் பழைய சைக்கிள் கடையில் ஒன்றை வாங்கி, நீங்களே கழற்றி மாட்டுங்கள். ஆயிரக்கணக்கில் வண்டி செய்கிற கை உங்களுடையது, ஒரு சைக்கிளைச் சரிசெய்ய உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் சம்பளம் வாங்குகிற ஊர் இது. அதை ஒரு தடவையாவது மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து ஒரு டூல் ரூம் அண்ணன்